மூன்று ஏஸும் ஒரு மோதிரமும்: ‘ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்’

டேவிட் மேமெட் இயக்கிய முதல் படம், 1987. மனநல மருத்துவர் மார்கரெட்டாக லிண்ட்சே கிரௌஸ், ஏமாற்றுக்காரன் மைக்காக ஜோ மான்டெக்னா. சீட்டை மாற்றி ஏமாற்றும் படம் இல்லை இது. சீட்டைப் பார்க்கும் ஆளை ஏமாற்றும் படம்.

போக்கர் காட்சியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். எதிராளி கையில் நல்ல சீட்டு இல்லாமலே பணத்தை ஏற்றி மிரட்டினால் மோதிரத்தைத் திருகுவான், நான் பாத்ரூம் போகும்போது கவனி என்று மைக் சொல்லிவைக்கிறான். அவளும் பார்த்துவிடுகிறாள். தன் கண்ணால் பிடித்ததை யார் சந்தேகிப்பார்? மைக் கையில் மூன்று ஏஸ். எதிராளி 6,000 டாலர் ஏற்றுகிறான், மைக்கிடம் அவ்வளவு இல்லை, நான் செக் தருகிறேன் என்று அவளே முன்வருகிறாள். பணம் கேட்டிருந்தால் யோசித்திருப்பாள்.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். அதில் மூன்று ஏஸை வெல்ல எதுவும் கிடையாது. ஐந்து சீட்டுப் போக்கரில் ஐந்தும் ஒரே சின்னமாக (எல்லாமே ஹார்ட் என்பதுபோல) வரும் ஃப்ளஷ் அதை அடித்துவிடும். எதிராளி கையில் இருப்பது அதுதான். மொத்தம் 25,98,960 கைகளில் ‘மூன்று ஒன்றுபோல’ வருவது 54,912. ஃப்ளஷ் 5,108 மட்டுமே, அரிதாக வருவதால் அதுவே பெரிது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ‘டேபிள் ஸ்டேக்ஸ்’ விதிப்படி, பணம் போதாதவர் முன்னால் இருப்பதை மொத்தமாக வைத்து ‘ஆல்-இன்’ போகலாம். அந்த அளவுக்கு ஜெயிக்கவும் செய்யலாம். முழுத் தொகையையும் கட்டு என்று மேஜை நெருக்கும்போதே போக்கர் தெரிந்தவருக்கு நெருடும். மார்கரெட்டுக்குத் தெரியாது.

மைக் தோற்றதும் எதிராளி துப்பாக்கியை எடுக்கிறான். அவள் செக் எழுத உட்கார்கிறாள், துப்பாக்கி முனையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அதோடு மோசடி உடைந்தது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எதிராளியாக வரும் ரிக்கி ஜே நிஜத்தில் கைவித்தைக்காரர், படத்துக்கு ஆலோசகரும் அவரே. அந்த விரல்களின் நிதானம் நடிப்பால் மட்டும் வருவதல்ல.

பணம் அனுப்பும் நிறுவனமான வெஸ்டர்ன் யூனியனின் அலுவலகக் காட்சியும் பாடம்போல இருக்கிறது. ஊருக்குப் போகப் பணத்துக்குக் காத்திருக்கும் படைவீரனிடம், என் பணம் முதலில் வந்தால் உனக்குத் தருகிறேன் என்கிறான் மைக். நம்பிக்கையை முதலில் இவன் கொடுக்கிறான், அவன் பதிலுக்குப் பணத்தை நீட்டுகிறான்.

குறையும் உண்டு. வசனத்தை ஒப்பிப்பதுபோல் பேசுவது இயக்குநரின் பாணி. முதல் இருபது நிமிஷம் காதில் ஒட்டாது. போக்கர் காட்சியைக் கூர்ந்து பார்த்தவர்கள் பின்பாதியின் பெரிய ஆட்டத்தை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஆனாலும் மார்கரெட் கடைசியில் எடுக்கும் முடிவை ஊகிப்பது கஷ்டம்.