சந்தைக் குதிரை: விலைக்கு வாங்குவதா, புகார் கொடுப்பதா?

ஆடி மாதம் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய் வரும் தஞ்சை, கும்பகோணத்து ஆட்கள் கேட்பது இதுதான்: "எலும்பும் தோலுமா ஒரு குதிரை நின்னுச்சுண்ணே, வாங்கிடலாமா? போலீசுக்குச் சொல்லலாமா?"

வேகம்: வாங்கினால் அன்றே வண்டியேற்றலாம். புகார் என்றால் மருத்துவர் சான்று, நீதிமன்றம் என்று இழுக்கும்.

செலவு: துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் தரகர், உங்கள் முகத்தில் இரக்கம் தெரிந்தாலே விலையை ஏற்றிவிடுவார். புகாருக்கு அலைச்சல்தான் செலவு.

பலன்: உங்கள் பணத்தில் வியாபாரி இன்னொரு நோஞ்சானைப் பிடித்து வரலாம். புகார் கொடுத்து வழக்கு பதிவானாலும், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். டீ செலவுகூட அதைவிட அதிகம்!

பராமரிப்பு: வாங்குபவருக்குத்தான் இந்தப் பாடு. பட்டினி கிடந்த குதிரைக்குக் கொள்ளு அள்ளி வைத்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பலமுறை கொடுக்க வேண்டும். நம்மூரில் வைக்கோல் மலிவு, சத்தும் குறைவு. டெல்டாவின் ஈரக் களிமண்ணில் நின்றால் குளம்பின் அடி கறுத்து நாறும். மேடான காய்ந்த தரை அவசியம். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியை மறக்காதீர்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வசதி.

மேட்டு இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, குதிரையும் நடக்கும் நிலையில் இருந்தால் வாங்குங்கள், ரசீதோடு. ஒரே வியாபாரியிடம் பல குதிரைகள் புண்ணோடு நின்றால் படமெடுத்துப் புகார் கொடுங்கள். எழவே முடியாததை வண்டியேற்றாதீர்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு போன் அடியுங்கள்.