எதிர்ப்புச் சக்தி மாத்திரை என்று கொடுத்தார்கள்: புழுவெட்டுக்காரர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி, பாளை வட்டாரத்தில் புழுவெட்டுக்கு முடி கிளினிக்கில் பேக்கேஜ் எடுத்திருப்பவர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதன் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கு நாலு மாதம் தெரியாது.

போன வருஷம் ஆடி மாதம் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏட்டி, இங்க என்ன வழுவழுன்னு இருக்கு?" என்றாள். காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவு. பத்து நாளில் இன்னும் இரண்டு இடம். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்ததில் எரிச்சல்தான் மிச்சம். எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் ஃபீஸ் வாங்குகிற வேலை. குனிந்து ரசீது எழுதும்போதெல்லாம் எதிரில் நிற்பவர் என் உச்சந்தலையைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். அந்த நிலைமையில் இருக்கிறவளிடம் எதையும் விற்கலாம். விற்றார்கள்.

பாளையில் ஒரு முடி கிளினிக். பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத எனக்கு வசதி கிடையாது. உள்ளே ஏசி, மீன் தொட்டி. டாக்டர் என்று ஒருவர் ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு ஒரு பெண் முக்கால் மணி நேரம் பேசினாள். "நூறு சதவீதம் வளரும் மேடம், கேரண்டி." ஆறு மாதத்துக்கு 42,000 ரூபாய், மாத்திரையும் அதிலேயே அடக்கம். மாத்திரையை முழு அட்டையாகத் தரவில்லை. கத்தரிக்கோலால் இரண்டு இரண்டாக வெட்டி, ஜிப் கவரில் போட்டுத் தந்தாள். "இது எதிர்ப்புச் சக்தி மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை சனி, ஞாயிறு மட்டும்."

எதிர்ப்புச் சக்தி மாத்திரை என்றால் நாம் என்ன நினைப்போம்? கொரோனா சமயத்தில் தெருத் தெருவாகக் கபசுரக் குடிநீர் வாங்கிக் குடித்த ஆட்கள் நாம். சக்தியைக் கூட்டுகிற மாத்திரை என்றுதான் நினைத்தேன். அது குறைக்கிற மாத்திரை. அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை ஒன்றுகூட எடுக்கவில்லை. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என் மாமனார் இரண்டு வருஷம் முன்புதான் ஆறு மாத மருந்து சாப்பிட்டு முடித்தார்.

முடி வளர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் மாதம் பூனைமுடி மாதிரி வெள்ளையாக வந்து, அப்புறம் கறுத்தது. பேச்சியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை எல்லாம் செய்துவிட்டேன். மூன்றாம் மாதம் முகம் உப்பியது. சொந்தக்காரர்கள் "நல்லாத் தெளிஞ்சிட்டியே" என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் கொடுமை.

நாலாம் மாதம் முதுகில் ஆரம்பித்து விலாவைச் சுற்றி நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல், மறுநாள் கொப்புளம். அக்கி. கிளினிக்குக்குப் போன் போட்டால், "அது சூடு மேடம், இளநீர் குடிங்க, மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க" என்றாள். அம்மா என்னைக் காருக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுத வைத்தாள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காசுகூட வாங்கவில்லை. ஆனால் அதில் இரண்டு நாள் போய்விட்டது. அக்கி மருந்தை மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும் என்பது அப்போது தெரியாது.

எரிச்சல் தாங்காமல் ராத்திரி வலி மாத்திரை வாங்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. தெரு முனை மருந்துக்கடைத் தம்பி, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டான். ஜிப் கவரை நீட்டினேன். வெட்டின அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். ஒரு துண்டில் மட்டும் ஓரத்தில் 'டினிப்' என்று முடிகிற எழுத்தும் பக்கத்தில் 5 என்ற எண்ணும் தப்பியிருந்தன. "அக்கா, இது முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரைல்லா. டோஃபாசிட்டினிப். ஒங்களுக்கு வாதம் உண்டா?"

மறுநாள் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே டாக்டரம்மா சொன்னதைத்தான் முதல் நாளே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். புழுவெட்டில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் வெள்ளணுக்களே முடிவேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. வேர் சாவதில்லை, அதனால்தான் திரும்ப முளைக்கிறது. அந்தத் தாக்குதலை அடக்கத்தான் இந்த மாத்திரை, கூடவே கிருமிகளோடு சண்டை போடும் பலத்தையும் அடக்கும். சனி ஞாயிறு வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, முகம் உப்பியது அதனால்தானாம்.

மாத்திரை கெட்டது என்று அவர் சொல்லவில்லை. இதே இனத்தைச் சேர்ந்த பாரிசிட்டினிப்பை 2022 ஜூனில் அமெரிக்காவில் கடுமையான புழுவெட்டுக்கு அனுமதித்திருக்கிறார்கள். பாதித் தலைக்கு மேல் போனவர்களுக்குத்தான் அது. அந்த ஆய்வுகளிலேயே 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 36 வாரத்தில் தலை பெரும்பாலும் மூடியது மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல்தான். எனக்குக் கேரண்டி கொடுத்தவள் எந்தக் கணக்கில் நூறு என்றாள்? மாரடைப்பு, ரத்தக்கட்டு பற்றி இந்த இன மாத்திரைகளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட 2021-ல் அமெரிக்காவில் உத்தரவும் போட்டார்கள். அது வயதான வாத நோயாளிகளிடம் பார்த்தது, நீ அதையே நினைத்துக் கலங்காதே என்றும் டாக்டரம்மா சொன்னார். நிறுத்தினால் முடி திரும்பக் கொட்டலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். மூன்று நாணயத்துக்கு இந்த மாத்திரையே தேவையில்லையாம். அந்த இடத்திலேயே ஊசி போடலாம், பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே வளர்ந்தும் விடுமாம்.

அப்புறம் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். தடித்திருந்தது. எக்ஸ்ரேயில் நோய் இல்லை, கிருமி மட்டும் உள்ளே தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்பக்கூடிய மாத்திரையைத்தான் நாலு மாதம் காலையும் ராத்திரியும் விழுங்கியிருக்கிறேன். இப்போது அதற்குத் தடுப்பு மருந்து ஓடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. முழு அட்டையைக் கேளுங்கள், சீட்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். காசநோய், மஞ்சள் காமாலை பி, சி, ரத்த அணு, ஈரல், கொழுப்பு, இதையெல்லாம் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடங்கச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தடுப்பூசி எதுவும் போடுவதென்றால் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள், சில வகை போடக்கூடாது.

கிளினிக்கில் பணம் கேட்டேன். பில்லில் 'முடிப் பராமரிப்பு' என்று மட்டும்தான் இருந்தது, மாத்திரை பற்றி ஒரு எழுத்து இல்லை. "நாங்க மாத்திரையே கொடுக்கலையே மேடம்" என்றார்கள். வெட்டின அட்டைத் துண்டை எல்லாம் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, ரசீதும் வாங்கியாயிற்று.

வளர்ந்த முடியில் பாதி கொட்டிவிட்டது. விலாவில் இன்னும் சேலை உரசினால் சுரீர் என்கிறது. நேற்று அதே பெண் போன் செய்தாள். "மேடம், உங்க பேக்கேஜ்ல ரெண்டு மாசம் பாக்கி இருக்கு. எப்ப வாரீங்க?"