என்விடிஏ-வும் பிரவுசர் டேப்புகளும்: நெடுநாள் பயன்பாட்டில் தேறியவை

பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளான என்விடிஏ-வோடு வேலை செய்யும்போது, பிரவுசரில் பத்து டேப் திறந்து கிடந்தால் நாம் நிற்பது எதில் என்று தெரிந்துகொள்ள இன்சர்ட்-டி போதும். தலைப்பை என்விடிஏ படித்துவிடும். மீதி ஒன்பதும் எங்கே இருக்கின்றன என்பதுதான் கஷ்டம். கண்ட்ரோல்-டேப் அடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்தையாவது கேட்டாக வேண்டும். வேகமாக அடித்தால் வேண்டியதைத் தாண்டிவிடும், மெதுவாக அடித்தால் பொழுது போய்விடும். விண்டோஸில் குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் வருஷக்கணக்கில் புழங்கியதில் தேறிய முடிவு இதுதான்: டேப்பைத் தேடாதீர்கள், அதற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்.

கண்ட்ரோலுடன் 1 முதல் 8 வரை எந்த எண்ணை அழுத்தினாலும் இடமிருந்து அந்த வரிசையில் உள்ள டேப்புக்கு நேரே போகும். கண்ட்ரோல்-9 மட்டும் ஒன்பதாவதுக்குப் போகாது; எத்தனை திறந்திருந்தாலும் கடைசி டேப்புக்குப் போகும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களில் பலர் தமிழ்நாட்டுத் தளம், புதுச்சேரி அரசுத் தளம் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த அடுக்கு சரியாக வரும்: 1 மின்னஞ்சல், 2 டிஜிலாக்கர், 3 தமிழ்நாட்டு விண்ணப்பம், 4 புதுச்சேரி விண்ணப்பம், கடைசியில் அறிவிக்கை. ஓடிபி மின்னஞ்சலுக்கு வந்தால் கண்ட்ரோல்-1, எண்ணைக் காப்பி எடுத்து, கண்ட்ரோல்-3. நடுவில் எந்தத் தலைப்பையும் கேட்டுக் கடக்க வேண்டாம்.

இந்த அடுக்கு குலைவதற்குக் காரணம் பெரும்பாலும் லிங்க்குகள். ஒரு பக்கத்திலிருந்து லிங்க் வழியாகத் திறக்கும் புது டேப் வரிசையின் கடைசிக்குப் போகாமல், திறந்த டேப்புக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். மூன்றாவதிலிருந்து திறந்தால் நான்காவது ஐந்தாவதாகிவிடும். அதனால் எண் மாறக்கூடாத டேப்புகளைப் 'பின்' (pin) செய்து, அதாவது இடம் மாறாமல் நிறுத்தி வைத்துவிடுங்கள். குரோமில் டேப் பட்டை வரும்வரை எஃப் 6 அழுத்தி, ஷிஃப்ட்-எஃப் 10 கொடுத்தால் மெனு வரும். அதில் 'பின்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. பின் செய்தவை எப்போதும் இடது ஓரத்தில் நிற்கும், புதிதாக வருபவை அவற்றைத் தள்ளாது. பின் செய்யாமல் இடம் மாற்ற மட்டும் வேண்டுமானால் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பேஜ் அப் இடப்பக்கமும், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பேஜ் டவுன் வலப்பக்கமும் நகர்த்தும்.

பயர்பாக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. அமைப்புகளின் பொதுப் பகுதியில், கண்ட்ரோல்-டேப் கடைசியாகப் பார்த்த வரிசைப்படி சுற்ற வேண்டும் என்று ஒரு செக்பாக்ஸ் இருக்கும். அது டிக் ஆகியிருந்தால், திரும்பத் திரும்ப அடித்தும் அதே இரண்டு டேப்புக்குள்ளேயே போய்வந்துகொண்டிருப்போம். அதை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லையென்றால் கண்ட்ரோல்-பேஜ் டவுன் பழகிக்கொள்ளுங்கள், அது எப்போதும் வரிசைப்படியே போகும்.

எட்டுக்கு மேல் போய்விட்டால் தேடத்தான் வேண்டும். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ தேடல் பெட்டியைத் திறக்கும். தலைப்பில் உள்ள ஒரு சொல்லைத் தட்டி, கீழ் அம்புக்குறியால் இறங்கி என்டர் கொடுக்கலாம். பயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் சதவீதக் குறி, ஒரு ஸ்பேஸ், அதன் பிறகு சொல். ஆனால் சில அரசுத் தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்புதான் இருக்கும். அங்கே தேடல் எதற்கும் உதவாது, எண் வரிசைதான் கைகொடுக்கும்.

ஒரு லிங்க்கில் என்டர் அடித்ததும் புதுப் பக்கம் வந்து, திரும்ப ஆல்ட்-இடது அம்பு அடித்தால் ஒன்றும் நடக்கவில்லையா? லிங்க் தனி டேப்பில் திறந்திருக்கிறது. புது டேப்புக்குப் பழைய வரலாறு கிடையாது, பின்னால் போக அதற்கு இடமே இல்லை. கண்ட்ரோல்-டபிள்யூ கொடுத்து மூடினால் பழைய பக்கத்தில், விட்ட வரியிலேயே நிற்பீர்கள். தவறாக மூடியதை கண்ட்ரோல்-ஷிஃப்ட்-டி மீட்கும். நாமே விரும்பித் தனி டேப்பில் திறக்க லிங்க்கின் மேல் கண்ட்ரோல்-என்டர். அது பின்னணியில் திறக்கும், நாம் படித்த இடம் நகராது. திறந்ததும் அங்கேயே போக வேண்டுமானால் ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விட்ட வரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டேப் உயிரோடு இருக்கும்வரை அதில் படித்த இடத்தை என்விடிஏ வைத்திருக்கும். குரோமின் மெமரி சேவர் வெகுநேரம் தொடாத டேப்பைத் தூங்க வைத்துவிடும். திரும்பிப் போகும்போது பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு முதல் வரியிலிருந்து தொடங்கும். நீண்ட அறிவிக்கை படிக்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் அதை அணைக்கலாம், அல்லது குறிப்பிட்ட தளங்களை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். ரேம் குறைவான லேப்டாப்பில் இரண்டாவதுதான் நல்லது.

டேப் மாறியதும் பேச்சே வரவில்லை என்றால் உடனே எஃப் 5 அடிக்காதீர்கள். அது பக்கத்தை மறுபடி ஏற்றும். பாதி நிரப்பிய படிவம் போய்விடலாம். முதலில் இன்சர்ட்-டேப் அழுத்தி ஃபோகஸ் (நாம் அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம்) எங்கே என்று கேளுங்கள். முகவரிப் பட்டையில் நின்றுகொண்டிருந்தால் பக்கத்துக்குள் இருக்கும் தலைப்புக்குத் தாவ ஹெச் அடித்தாலும் வெறும் எழுத்துதான் விழும். எஃப் 6 பக்கத்துக்குள் கொண்டுவரும். ஃபோகஸ் பக்கத்தில்தான் இருக்கிறது, இருந்தும் படிக்கவில்லை என்றால் இன்சர்ட்-எஃப் 5. இது பக்கத்தைத் தொடாமல் என்விடிஏ தன்னிடம் வைத்திருக்கும் நகலை மட்டும் புதுப்பிக்கும், படிவத்தில் நிரப்பியது அப்படியே இருக்கும். ஜாஸ் என்ற இன்னொரு திரை வாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதே வேலைக்கு இன்சர்ட்-எஸ்கேப்.

தலைப்பு மட்டும் ஊமையாக வருவது வேறு கதை. பக்கத்துக்குள் இருக்கும் எழுத்துக்கு மொழிக் குறி இருந்தால் என்விடிஏ தானே குரலை மாற்றிக்கொள்ளும். விண்டோவின் தலைப்புக்கு அந்தக் குறி கிடையாது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த குரலில் தமிழ்த் தலைப்பு வந்தால் சத்தமே வராமல் போகலாம், டேப் காலி என்று நினைத்து மூடிவிடுவோம். தமிழ்நாட்டுத் தளங்களில் வேலை பார்க்கும்போது என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரலின் தமிழையோ விண்டோஸின் தமிழ் மொழித் தொகுப்போடு வரும் வள்ளுவர் குரலையோ முதன்மைக் குரலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விண்டோக்கள். ஆல்ட்-டேப் ஒவ்வொரு விண்டோவிலும் மேலே இருக்கும் டேப்பின் தலைப்பை மட்டும்தான் படிக்கும். குரோமில் ஆல்ட்-எஃப் மெனுவில் மோர் டூல்ஸுக்குள் விண்டோவுக்குப் பெயர் வைக்கும் வசதி இருக்கிறது. 'விண்ணப்பம்', 'வங்கி' என்று வைத்துவிட்டால் ஆல்ட்-டேப்பில் அந்தப் பெயரே ஒலிக்கும். ஒரு குறை: அதன் பிறகு இன்சர்ட்-டி-யும் அந்தப் பெயரைத்தான் சொல்லும், பக்கத்தின் தலைப்பைச் சொல்லாது. இரண்டு விண்டோ வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. மூன்றுக்கு மேல் போனால் அந்தக் குறை பரவாயில்லை. எட்ஜின் டேப்புகள் ஆல்ட்-டேப் பட்டியலில் கலந்து வந்தால் விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், மல்டிடாஸ்கிங் போய் அதை நிறுத்துங்கள்.

கட்டணம் செலுத்தும் பொத்தான் அழுத்தியும் ஒன்றுமே நடக்காதபோது பாப்-அப், அதாவது தானாகத் திறக்கும் விண்டோ, தடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குரோம் அதை முகவரிப் பட்டையில் ஒரு சிறு ஐகானாகக் காட்டும், நம் காதுக்கு அது எட்டாமலே போகலாம். மறுபடி மறுபடி அழுத்தாமல், முதலில் ஆல்ட்-டேப்பில் புது விண்டோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கண்ட்ரோல்-எல், அங்கிருந்து டேப் விசையால் அந்த ஐகானுக்குப் போய் அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரத்தில் மின்சாரம் போவது வழக்கம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குரோமின் ஆன் ஸ்டார்ட்அப் பகுதியில் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி இப்போதே வைத்துவிடுங்கள். கணினி திடீரென்று அணைந்து மீண்டும் திறக்கும்போது டேப்புகள் வரவில்லையென்றால், வேறு எதையும் திறப்பதற்கு முன் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-டி அடியுங்கள். டேப்புகள் திரும்ப வந்தாலும் லாகின் நேரம் முடிந்துபோன தளத்தில் நிரப்பியது இருக்காது. அதனால் படிவத்தில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அடுத்த டேப்புக்குப் போக வேண்டும்.