நான்கு வருடம், 82,000 கிலோமீட்டர்: புதிய காரில் என் கை எதுவரை போகிறது

பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாசுக்குத் தினமும் பினாங்குப் பாலம் ஏறி வேலைக்குப் போய் வருகிறவன் நான். இதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு 1996 புரோட்டோன் வீரா வைத்திருந்தேன். கறுப்பு எண்ணெய் (எஞ்சின் ஆயில்), பிளக், பெல்ட், பின் டிரம் பிரேக் எல்லாமே வீட்டுப் போர்ச்சில் என் கையால் நடந்தவை. அதனால் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், முன் கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்க்கும் கேமரா, பம்பருக்குள் ரேடார் என்று இருக்கும் ஒரு காரை வாங்கியபோது, மனதில் ஒரே பயம்தான்: இனி ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வேண்டுமோ? எந்தக் கம்பெனி கார் என்று இங்கே சொல்லவில்லை. இந்த வசதிகள் உள்ள எந்தக் காருக்கும் கதை ஏறக்குறைய இதுதான்.

சுலபமானவை இன்னும் சுலபமாகத்தான் இருக்கின்றன. ஏர் ஃபில்டர், ஏர்கான் ஃபில்டர், வைப்பர், கூலன்ட் அளவு பார்ப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. முன் விளக்கு மட்டும் என் கையை விட்டுப் போய்விட்டது. எல்இடி என்பதால் உள்ளே மாற்ற பல்ப் கிடையாது. கெட்டால் விளக்குப் பெட்டியையே மாற்ற வேண்டும்.

உண்மையான பாடம் 62,000-இல் வந்தது. பின் பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. பேட் வாங்கி வந்து, ஞாயிறு காலை ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, டயரைக் கழற்றினேன். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் முதுகில் ஒரு கறுப்பு மோட்டார், பார்க்கிங் பிரேக்குக்கானது, வயரோடு உட்கார்ந்திருந்தது. பழைய பழக்கத்தில் சி-கிளாம்பை மாட்டி பிஸ்டனை உள்ளே அழுத்தினேன். நகரவே இல்லை. இன்னொரு சுற்றுத் திருகப் போனவன், ஏதோ தோன்றி நிறுத்தினேன். பக்கத்து ஊரான பிறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

“தம்பி, அழுத்தாதே! உள்ளே ஸ்க்ரூ இருக்கு. மோட்டார் அதைப் பின்னால இழுத்தாத்தான் பிஸ்டன் போகும். மொதல்ல சர்வீஸ் மோடுல போடு, அப்புறம் கை வை.”

என்னிடம் இருந்தது 70 வெள்ளிக்கு வாங்கிய புளூடூத் ஓபிடி அடாப்டர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினால் எஞ்சின் கோளாறு எண்களைப் படிக்கும், அழிக்கும். பிரேக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்க அதால் முடியாது. மதியம் அண்ணனே தன் ஸ்கேனரோடு வந்தார். திரையில் ஒரு பொத்தானைத் தொட்டதும் மோட்டார் மூன்று விநாடி ‘ர்ர்ர்’ என்று ஓடி நின்றது. அதற்குப் பிறகு அதே கிளாம்புக்குப் பிஸ்டன் சொன்னபடி உள்ளே போனது. பேடை மாட்டி, பெடல் இறுகும்வரை மிதித்து, சர்வீஸ் மோடை மூடியதும் மோட்டார் தானாகவே ஓடிப் புதிய பேடைத் தொட்டு நின்றது. நான் கிளாம்பை விடாமல் திருகியிருந்தால் அந்த மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம்.

மறுவாரமே, படிப்பதோடு கட்டளையும் கொடுக்கும் இருவழி ஸ்கேனர் ஒன்றை 900 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டில் ஸ்பேனர் பெட்டி இருப்பதுபோல இதுவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில கார்களில் ஸ்கேனரே இல்லாமல், பெடலையும் பார்க்கிங் பிரேக் பொத்தானையும் ஒரு வரிசையில் அழுத்தியே சர்வீஸ் மோடுக்குப் போகலாம். உங்கள் காரில் அந்த வழி உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பேட்டரியும் இப்படித்தான். சிக்னலில் தானாக நின்று கிளம்பும் எஞ்சின் என்பதால் என் காருக்கு ஏஜிஎம் வகை, அதாவது அடிக்கடி நின்று கிளம்புவதைத் தாங்கும் பேட்டரி. மூன்றாவது வருடம் படுத்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு அது ஆச்சரியமில்லை. வீட்டுக்கு வந்த பேட்டரிக்காரர் பாதி விலையில் சாதாரண பேட்டரி போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். அடிக்கடி நின்று கிளம்பும் காரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் களைத்துவிடும். மாட்டிய பிறகு ஸ்கேனரில் புதிய பேட்டரி என்று பதியவும் வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரியே இருப்பதாக நினைத்து கார் அதற்கேற்ப சார்ஜ் ஏற்றும்.

நான் எதிர்பாராத செலவு கண்ணாடியில் வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரி தெறித்த கல் பட்டு முன் கண்ணாடி விரிசல் விட்டது. கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுபார்த்து அமைக்க வேண்டும். அதற்குக் கேமரா பார்த்து அளவெடுக்கும் குறிப்பலகையும் சமதளமும் வேண்டும், போர்ச்சில் முடியாது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கண்ணாடிக்குத் தனியாக எடுக்கும் தொகையில் இந்த வேலையின் கூலியும் அடங்குமா என்று பாருங்கள். எனக்கு அடங்கவில்லை, மீதியைக் கையிலிருந்து கட்டினேன்.

தொடக் கூடாது என்று நானே வைத்துக்கொண்ட எல்லையும் உண்டு. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் என் காரின் நேரடி ஊசிமுறை எஞ்சினில் பெட்ரோல் அழுத்தம் 200 பாருக்கும் மேல் ஏறக்கூடும். பழைய ஊசிமுறையில் அது 3 பார் அளவுதான். அந்தக் குழாய்ப் பக்கம் நான் ஸ்பேனர் கொண்டு போவதில்லை. பெட்ரோல் வால்வு மேல் பட்டுக் கழுவாததால் படியும் கரியை எடுப்பதும் அண்ணன் வேலை. கறுப்பு எண்ணெய் எனக்குத் தெரிந்த வேலைதான், ஆனாலும் வாரண்டி முடிய இன்னும் ஒரு வருடம் இருப்பதால் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைக்காகக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுகிறேன்.

அடுத்த மாதம் மைத்துனர் ஒரு ஹைபிரிட் பார்க்கப் போகிறார். டார்ச்சோடு கூடப் போகிறேன். 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது, பெரிய பேட்டரிக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது, அங்கே ஃபில்டர் இருந்தால் கையால் கழற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர் எதுவரை போகிறது என்றும் காட்டச் சொல்வேன். அதை அவரும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன்.