போர் அதிகார வாக்கெடுப்புகளைத் தேட: காங்கிரஸ் டாட் கவ் இணையதளம்

அமெரிக்க அதிபர் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் படையை ஏவும்போதெல்லாம், அந்த அதிகாரத்துக்கு வரம்பு விதிக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டமான போர் அதிகாரத் தீர்மானம் செய்திகளில் அடிபடும். அந்தச் சட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்பதை மூல ஆவணங்களிலேயே பார்த்துவிட விரும்புவோருக்கு, காங்கிரஸ் நூலகத்தின் பராமரிப்பில் உள்ள காங்கிரஸ் டாட் கவ் இணையதளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டணம் கிடையாது, மின்னஞ்சல் அறிவிப்பு வேண்டுவோர் மட்டும் கணக்குத் தொடங்கினால் போதும்.

ஏமன் போரிலிருந்து அமெரிக்கப் படைகளை விலக்கக் கோரிய 2019ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பக்கத்தில் 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியைத் திறந்தால், அது கடந்துவந்த பாதை முழுவதும் தேதிவாரியாகக் கிடைக்கும். மார்ச் 13இல் செனட் சபையில் 54–46 என நிறைவேறியது. ஏப்ரல் 4இல் பிரதிநிதிகள் சபையில் 247–175. ஏப்ரல் 16இல் அதிபர் டிரம்ப் வீட்டோ செய்தார். மே 2இல் அந்த வீட்டோவை முறியடிக்க செனட்டில் ஆதரவு 53, எதிர்ப்பு 45 என்று வாக்குகள் விழ, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தீர்மானம் அத்துடன் முடிந்தது. (மூலச் சட்டமே நிக்சனின் வீட்டோவை 284–135, 75–18 என இரு சபைகளும் முறியடித்ததால் வந்ததுதான்.) ஈரான் தொடர்பான 2020ஆம் ஆண்டுத் தீர்மானமும் இதே வழியில் சென்று இதே இடத்தில் நின்றது. படையெடுத்த 48 மணி நேரத்துக்குள் அறிக்கை, அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்தம், பத்திரமாகப் பின்வாங்க மேலும் 30 நாள் என்று சட்டம் கறாராகச் சொல்வதற்கும் சபையில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை இந்தத் தேதிப் பட்டியல் அளவுக்கு வேறெந்தக் கட்டுரையும் எனக்குப் புரியவைத்ததில்லை.

தேடல் வசதியில் மட்டும் புதியவர்கள் சற்றுத் தடுமாறக்கூடும். அதிபரின் கையெழுத்துக்குப் போகும் கூட்டுத் தீர்மானமும், இரு சபைகளோடு முடிந்துவிடும் மற்றொரு வகைத் தீர்மானமும் ஒரே பட்டியலில் கலந்து வருகின்றன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் வகையை நம்பி எழுதப்பட்டது. ஆனால் 1983இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பு, அவ்வகைத் தீர்மானம் அதிபரைக் கட்டுப்படுத்துமா என்பதையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. எனவே, பக்கவாட்டிலுள்ள வடிகட்டியில் கூட்டுத் தீர்மானங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது.

அதிபர் தரப்பு வாதங்களை வாக்கெடுப்புப் பக்கங்களில் தேடிப் பயனில்லை. 2011இல் லிபியாவில் 60 நாள் கெடு கடந்த பின்பும், அங்கு நடப்பது சட்டம் குறிப்பிடும் போர்ச் செயலே அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது. அத்தகைய விவகாரங்களுக்கு, நாடாளுமன்ற ஆய்வுச் சேவையின் அறிக்கைகளை முதலில் படித்துவிட்டுப் பிறகு வாக்கெடுப்புகளுக்குச் செல்வதே உசிதம்.