விரிவுரையா, உடன் வாசிப்பா: இலக்கிய ரசனை வகுப்புகள் குறித்து ஓர் ஒப்பீடு

இலக்கிய ரசனையைக் கற்பிக்கும் வகுப்புகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். விரிவுரை வகுப்பில், ஆசிரியர் படைப்பின் காலம், படைப்பாளியின் வாழ்க்கை, விமர்சகர்களின் மதிப்பீடு ஆகியவற்றை எடுத்துரைத்து, இடையிடையே சில வரிகளை மேற்கோள் காட்டுவார். உடன் வாசிப்பு வகுப்பில், ஒரு கவிதையோ கதையின் இரண்டு பக்கங்களோ எல்லோர் கையிலும் இருக்கும். அதை உரக்கப் படித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்று ஆராய்வதிலேயே நேரம் கழியும்.

விரிவுரையைக் குறைத்து மதிப்பிடுவது எளிது; ஆனால் பழைய இலக்கியத்துக்கு அது இல்லாமல் முடியாது. சங்க அகப்பாடல் ஒன்றில் பேசுவது தலைவியா தோழியா, கேட்பவர் யார், கூறப்படும் நிலம் எந்த உணர்வுக்கு உரியது என்பவற்றை முன்பே அறியாதவர்கள் கூடிப் பேசினால், அது ரசனையாகாது, ஊகமாகவே முடியும். விரிவுரையின் குறை வேறிடத்தில் இருக்கிறது: நாவலைத் திறந்துகூடப் பார்க்காத மாணவர், ஆசிரியரின் தீர்ப்பை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் பெற்றுவிட முடிகிறது.

இந்தக் குறையை அப்பட்டமாகக் காட்டியவர் ஆங்கில இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் தலைப்பும் கவிஞர் பெயரும் நீக்கிய கவிதைகளைக் கொடுத்து அவர் எழுதி வாங்கிய கருத்துகள், 1929இல் வெளிவந்த அவரது நூலுக்கு அடிப்படையாயின. எழுதியவர்களில் பெரும்பாலோர் இலக்கியம் பயின்றவர்களே. ஆயினும் பலருக்கு வரிகளின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. சிலர் கவிதை எழுப்பிய உணர்வை விட்டுவிட்டு, தாம் ஏற்கெனவே வைத்திருந்த உணர்வையே அதன்மேல் ஏற்றினர். பெயர் தெரியாதபோது மதிப்பீடு தடுமாறியது என்றால், அதுவரை அவர்களைத் தாங்கியது பெயர்தான் என்று கொள்வதில் தவறில்லை. (காலத்தை மறைத்துவிட்டுப் பழைய கவிதையைப் படிக்கச் சொல்வது சற்றே அநியாயம் என்பதும் உண்மை.)

கற்றலின் அளவைப் பற்றி நன்னூல் என்ற இலக்கண நூலின் முன்னுரைப் பகுதியான பொதுப்பாயிரம் கூறும் கணக்கு இங்கே பொருந்துகிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு புலமை. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வாய்க்கும். இதன்படி, விரிவுரை வகுப்பு முதல் கால் பங்கோடு நின்றுவிடுகிறது. உடன் வாசிப்பு இரண்டாவதையும் தருகிறது. மாணவரையே ஒரு கவிதைக்கு விளக்கம் சொல்ல வைத்தால், பெரும்பங்கான மூன்றாவதற்கும் வழி பிறக்கிறது.

ஆசிரியர் இல்லாத வாசகர் வட்டம் மூன்றாவது வழி. ஆனால் அங்கே பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு பேச்சு நின்றுவிட்டால், மறித்துக் காரணம் கேட்க ஆளிருப்பதில்லை.

தற்கால எழுத்தைப் பயில விரும்புவோருக்கு உடன் வாசிப்பு வகுப்பையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பழைய இலக்கியத்துக்கு முதல் சில அமர்வுகள் விரிவுரையாகவும், பின்னர் உடன் வாசிப்பாகவும் அமைவது நல்லது. ஆனால் வகுப்பின் பெயரை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்: கலந்துரையாடல் என்று அறிவித்துவிட்டு, கேள்வியையும் பதிலையும் ஆசிரியரே சொல்லி முடிக்கும் வகுப்புகள் உண்டு. முதல் நாளில் பிரதியை உரக்கப் படிப்பவர் யார், மாணவர் தரும் மாறுபட்ட பொருளுக்கு ஆசிரியர் பிரதியிலிருந்து சான்று கேட்கிறாரா என்பதைக் கவனித்தால் வகுப்பின் தன்மை புரிந்துவிடும்.