குடல் சிப்போடு மூன்று வருடம்

குடல் செல்களை உள்ளே வளர்த்து, குடல் மாதிரி இயங்கவைத்துச் சோதிக்கும் குட்டிக் கருவிதான் குடல் சிப். எங்கள் ஆய்வகத்தில் அதை நாங்களே வார்த்துக்கொள்கிறோம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. கட்டைவிரல் அளவு சிலிகான் ரப்பர் துண்டு, உள்ளே மேலும் கீழுமாக இரண்டு வாய்க்கால், இடையில் துளையிட்ட மெல்லிய சவ்வு, இருபக்கமும் வெற்றிட அறை. ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பரின் குழு 2010-ல் நுரையீரலுக்கும் 2012-ல் குடலுக்கும் செய்து காட்டிய அதே அமைப்புதான். மேல் வாய்க்காலில் கேகோ-2 என்ற மனிதக் குடல் செல்கள். ஊட்டத் திரவம் மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஓடும்; ஒரு வாரம் விடாமல் ஓடினால்தான் ஒரு டீஸ்பூன் சேரும். ஆறேழு நொடிக்கு ஒருமுறை வெற்றிடம் இழுத்துவிட, சவ்வு 10 சதவீதம் விரிந்து சுருங்கும்.

முதல் ஆறு மாதம் குமிழியோடு மல்லுக்கட்டியதிலேயே போனது. இரவு நன்றாக ஒட்டியிருந்த செல் படலம், காலையில் பார்த்தால் ஈரச்சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த மாதிரி சுருண்டு கிடக்கும். பக்கத்திலேயே குமிழி உட்கார்ந்திருக்கும். குழாயைச் சந்தேகப்பட்டோம், பம்பைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் வினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த திரவத்தில் இருந்தது. குளிர்ந்த திரவத்தில் காற்று அதிகம் கரைந்திருக்கும். 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போனதும் வெளியே வந்துவிடும். இப்போது முதலில் சூடாக்கி, வெற்றிடத்தில் காற்றை எடுத்த பிறகுதான் சிப்புக்கு. குழாய் செருகும்போது துளையின் வாயில் ஒரு சொட்டு, குழாய் நுனியில் ஒரு சொட்டு; இரண்டும் தொட்டுக்கொண்ட பிறகே உள்ளே தள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? இதே செல்கள் டிரான்ஸ்வெல்லில், அதாவது அடியில் துளைச் சவ்வு உள்ள, திரவம் ஓடாத வழக்கமான வளர்ப்புக் கிண்ணத்தில், 21 நாள் வளர்ந்தாலும் பாய் விரித்த மாதிரி தட்டையாகத்தான் இருக்கும். சிப்பில் ஐந்தாறு நாளில் குடலுறிஞ்சிகள் மேடு மேடாக எழும்பிவிடும். முதல்முறை பார்த்தபோது கிருமித் தொற்று என்று நினைத்து வீசப் போனேன்.

பெரிய ஏமாற்றம் மருந்து உறிஞ்சுதலில். எண்ணெய்ப் பசையுள்ள மருந்து ஒன்றை ஓட்டினோம். வெளியே வந்தது மிகக் குறைவு. குடல் உறிஞ்சிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். செல்லே இல்லாத வெறும் சிப்பில் ஓட்டினாலும் அதே கதை! இந்த சிலிகான் அப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தானே குடித்துவிடும். அந்த வேலைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். குடல் பாக்டீரியாவைச் செல்களோடு சேர்த்து வளர்த்துப் பார்க்க, தாராளமாக.

“அப்போ இனி எலி வேண்டாமா?” என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட சிப்களை விற்கும் எமுலேட் நிறுவனம் 870 கல்லீரல் சிப்களில் 27 மருந்துகளைச் சோதித்து, கல்லீரலைக் கெடுப்பவற்றில் 87 சதவீதத்தைப் பிடித்ததாக 2022-ல் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் புது மருந்துகளுக்கான விலங்குச் சோதனைக் கட்டாயத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது. சரி, அது அவர்கள் சிப். நாங்கள் போடுவது பெருங்குடல் புற்றிலிருந்து வந்த செல். அதை வைத்துக்கொண்டு அவ்வளவு பேச முடியாது.

இப்போது 12 சிப் போட்டால் 9 தேறுகிறது. மீதி மூன்றையும் வீசுவதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் குழாய் செருகிப் பழக அவைதான்.